தொகுதி வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சட்டமன்றத் தொகுதியின் வரலாறு என்று பெரும்பாலும் கிடைப்பது ஓர் அட்டவணைதான்: ஆண்டு, வென்றவர், கட்சி. 1952 முதல் 2021 வரை பதினாறு வரிகள். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். அந்தப் பதினாறு வரிகளும் ஒரே நிலப்பரப்பைப் பற்றியவையா, வென்றவர்தான் ஐந்தாண்டும் உறுப்பினராக இருந்தாரா என்று கேட்டால் பல அட்டவணைகள் அங்கேயே சரிந்துவிடும்.

முதல் தவறு, பெயரை நம்புவது. தமிழ்நாட்டில் தொகுதி எல்லைகள் பலமுறை மாற்றி வரையப்பட்டன. 1967, 1971 தேர்தல்கள் ஒரு வரைபடத்தில் நடந்தன. 1977 முதல் 2006 வரை வேறொரு வரைபடம். 2011 முதல் 2008ஆம் ஆண்டு மறுவரையறைப்படி. மொத்தம் 234 என்ற எண் 1967 முதல் மாறாததால், உள்ளே எதுவும் மாறவில்லை என்று தோன்றும். எம்.ஜி.ஆர் 1967இலும் 1971இலும் வென்றது பரங்கிமலை. 1977 முதல் அந்தப் பெயரில் தொகுதி இல்லை, ஆலந்தூர் இருக்கிறது. ஆலந்தூர் வரலாற்றில் அந்த இரண்டு வெற்றிகளையும் சேர்ப்பது பிழை. அதேபோல, கருணாநிதி 1996, 2001, 2006 மூன்று தேர்தல்களிலும் வென்றது சேப்பாக்கத்தில். சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி 2011இல்தான் முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்தது.

பெயர் மாறாமலேயே தொகுதி மாறுவதும் உண்டு. பெரியகுளம் 2006 வரை பொதுத்தொகுதி, 2011 முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 2001இலும் 2006இலும் அங்கே வென்ற ஓ. பன்னீர்செல்வம் 2011இல் போடிநாயக்கனூருக்குப் போனதற்குக் காரணம் தேட வேறெங்கும் அலைய வேண்டாம். மறுவரையறை ஆணையே போதும். ஆகவே எழுதத் தொடங்குமுன் 1976, 2008 ஆணைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, தொகுதிக்குள் அடங்கும் ஒன்றியங்கள், பேரூராட்சிகள், வார்டுகளை ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் மாறியிருந்தால் அட்டவணையை இரண்டாக வெட்டிவிடுவதே நேர்மை. 2006இல் ஒரு கட்சி பெற்ற வாக்கை 2011 வாக்கோடு கழித்து 'சரிவு' என்று எழுதுவது அப்போது தானாக நின்றுவிடும்.

மாவட்டப் பெயரிலும் கவனம் தேவை. 1984இல் எம்.ஜி.ஆர் வென்ற ஆண்டிபட்டி அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி மாவட்டம் பிறந்தது 1996இல். 1952இல் 375 உறுப்பினர்கள் என்று எழுதும்போதும், அது ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் சேர்ந்த சென்னை மாநிலம் என்பதைச் சொல்லாமல் விட்டால் 1957இன் 205 என்ற எண் வாசகருக்குப் புரியாது.

முதல் இரண்டு தேர்தல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது: இரட்டை உறுப்பினர் தொகுதிகள். 1957இல் 167 தொகுதிகளில் 38 இப்படிப்பட்டவை. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பேர் சட்டமன்றம் போனார்கள், அதில் ஓர் இடம் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு. இதை அறியாதவர்கள், ஒரே ஆண்டில் இரண்டு பெயர்களைப் பார்த்ததும் ஒன்றை இடைத்தேர்தல் என்று குறித்துவிடுகிறார்கள், அல்லது இரண்டாவது பெயரையே நீக்கிவிடுகிறார்கள். நீக்கப்படுவது பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த உறுப்பினரின் பெயர். இது எண் பிழையோடு நிற்பதில்லை, ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவமே ஏட்டிலிருந்து அழிந்துபோகிறது.

அங்கே வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். அதனால் பதிவான வாக்குகளை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும் விடைகூட வரலாம். வெற்றியைத் தீர்மானித்த முறையும் வேறு. ஒதுக்கீட்டுப் பிரிவு வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு ஒதுக்கீட்டு இடம் முதலில் போகும். மிச்சமுள்ள எல்லாரிலும் அதிகம் பெற்றவருக்கு, அவர் எந்தப் பிரிவானாலும், அடுத்த இடம். 1957 மக்களவைத் தேர்தலில் பார்வதிபுரத்தில் வி.வி. கிரி தோற்றது இப்படித்தான். இரண்டு இடங்களும் பழங்குடி வேட்பாளர்களுக்கே போயின. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் நிலைக்கவில்லை. 1961இல் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள்.

அடுத்தது, வென்றவரையும் உறுப்பினராக இருந்தவரையும் ஒன்றாக எண்ணுவது. ஆண்டிபட்டி இதற்கு நல்ல பாடம். 2001 பொதுத்தேர்தலில் அங்கு ஜெயலலிதாவின் வேட்புமனு தள்ளுபடியானது. வென்றவர் தங்க தமிழ்ச்செல்வன். அவர் பதவி விலக, 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றார். 2006இல் மீண்டும் அவரே. 2011, 2016 இரண்டிலும் தங்க தமிழ்ச்செல்வன். 2017 செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்ட பதினெட்டுப் பேரில் அவரும் ஒருவர். 2019 இடைத்தேர்தலில் திமுகவின் மகாராஜன் வந்தார், 2021இலும் தொடர்ந்தார். பொதுத்தேர்தல் வரிகளை மட்டும் எழுதினால் '2001, 2011, 2016 – தங்க தமிழ்ச்செல்வன்' என்று வரும். 2002இல் அது மீண்டும் முதலமைச்சரின் தொகுதியானதும், ஒன்றரை ஆண்டுக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் மக்கள் இருந்ததும் காணாமல் போகும்.

எனவே ஆண்டு என்ற கட்டத்துக்குப் பதிலாகப் பதவியேற்ற நாள், இடம் காலியான நாள், காரணம் என மூன்று கட்டங்கள் போடுங்கள். காலியான ஒவ்வொரு இடத்துக்கும் இடைத்தேர்தல் நடந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்பது விதி. ஆனால் மீதிக் காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஜெ. அன்பழகன் 2020 ஜூனில் இறந்தபின் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி 2021 பொதுத்தேர்தல் வரை காலியாகவே இருந்தது. அறிவித்தும் நடக்காத தேர்தலை எண்ணிக்கையில் சேர்ப்பது மற்றொரு பிழை. ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரல் தேர்தல் ரத்தானது, டி.டி.வி. தினகரன் வென்றது அதே ஆண்டு டிசம்பரில்.

கட்சிக் கட்டத்தில் தவறுகள் இன்னும் நுட்பமானவை. 1957இல் அண்ணா காஞ்சிபுரத்திலும் கருணாநிதி குளித்தலையிலும் வென்றபோது திமுகவுக்கு அங்கீகாரம் கிடையாது, ஆவணத்தில் சுயேச்சைகள். 1989இல் ஜெயலலிதா போடியில் வென்ற சின்னம் சேவல், இரட்டை இலை அல்ல. 2021இல் மதிமுக, மனிதநேய மக்கள் கட்சி, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றைச் சேர்ந்த எட்டுப் பேர் உதயசூரியனில் வென்றார்கள். தேர்தல் ஆணையக் கணக்கில் திமுக 133. சொந்த வேட்பாளர்கள் 125. இரண்டும் சரியே. எந்தக் கணக்கை எடுத்தோம் என்று சொல்லாமல் தொகுதிக்குத் தொகுதி மாற்றிப் போடுவதுதான் தவறு. சின்னத்துக்கு ஒரு கட்டம், வேட்பாளரின் கட்சிக்கு ஒரு கட்டம் என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும்.

சதவீதம் போடும்போது எதால் வகுத்தோம் என்பதைக் குறிப்பிடுங்கள். மொத்த வாக்காளர், பதிவான வாக்கு, செல்லுபடியான வாக்கு மூன்றும் வேறு வேறு. டெபாசிட் தப்பிக்கச் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். நோட்டாவை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வாக்குச்சாவடி வாரியான கணக்குக்கு, தேர்தல் அதிகாரியின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20தான் ஆதாரம். சாவடி எண்களைக் கூட்டினால் அறிவித்த முடிவோடு ஒத்துப்போகாது, ஏனென்றால் தபால் வாக்குகள் கடைசியில் தனி வரியாக இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். 2016இல் ராதாபுரத்தில் இன்பதுரை அப்பாவுவை வென்ற வித்தியாசம் 49 வாக்குகள். தபால் வாக்குகளை நிராகரித்தது பற்றியே வழக்கு எழுந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ராதாபுரத்துக்கு 2016ஆம் ஆண்டு வரியை எழுதுபவர் அந்த வழக்கையும் அதே வரியின் கீழ் எழுத வேண்டும்.