சராசரி டைட்டரை நம்பி மோசம் போகாதீர்கள்

போன மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு நாட்டுக்கோழிப் பண்ணைக்குப் போயிருந்தேன். புதிதாக ஆரம்பித்த தம்பி, கோழிகளின் டைட்டர் (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியின் அளவு) போட்ட ஆய்வக ரிப்போர்ட்டை நீட்டி, "சராசரி நல்லா இருக்குதுண்ணா, இனி ராணிக்கெட் பயமில்லை" என்றார். ராணிக்கெட் என்றால் நம்ம வெள்ளைக்கழிச்சல் நோய்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. தடுப்பு மருந்தை ஐஸ் இல்லாமல் கொண்டுவருவது, தேதி போனதைக் கொடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம். டைட்டர் பார்ப்பதில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மருந்து கொடுத்த நாலாம் நாளே ரத்தம் எடுப்பது

இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள்.

சராசரியோடு நிறுத்திக்கொள்வது

முன்பு நான் செய்த கூத்து இது. பத்துக் கோழிக்கு எச்ஐ சோதனை (டைட்டரை அளக்கும் ரத்தப் பரிசோதனை): 9, 8, 9, 2, 8, 1, 9, 2, 8, 2. சராசரி 5.8. தனி எண்களும் அதே தாளில்தான் இருந்தன; கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்தேன். இந்த எண்ணில் ஒவ்வொரு படியும் இரட்டிப்பு. 9 என்றால் 1:512, அதாவது சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்) 512 மடங்கு நீர்த்தாலும் வேலை செய்கிறது; 2 என்றால் 1:4. இடையில் 128 மடங்கு! 1:16க்குக் கீழே வந்தால் பாசிட்டிவ் என்றே எடுப்பதில்லை. அதாவது பத்தில் நாலு கோழி பாதுகாப்பில்லாமல் சும்மா நின்றிருக்கிறது.

அப்புறம் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்ததை எண்ணக்கூட மனசு வரவில்லை.

லசோட்டாவை (ராணிக்கெட் தடுப்பு மருந்து) தண்ணீரில் கொடுத்த விதம்தான் கோளாறு. முன்கூட்டித் தண்ணீரை நிறுத்தித் தாகம் ஏற்றவில்லை, குடிகலனும் போதவில்லை. வாட்டசாட்டமானது முட்டிக் குடித்தது, மெலிந்தது ஒதுங்கி நின்றது. (ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினே மருந்தைக் கொன்றுவிடும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கலக்குங்கள்.) இன்றைக்கும் யாராவது "சராசரி" என்று ஆரம்பித்தால் எரிச்சல்தான் வருகிறது.

ரத்தம் எடுக்கக் கையில் சிக்கியதைப் பிடிப்பது

ஓட முடியாததுதான் சிக்கும். ஷெட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் பிடியுங்கள்.

குஞ்சின் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவது

அந்த எதிர்ப்புச் சக்தி தாய்க்கோழி கொடுத்தது. ஏறக்குறைய நாலரை நாளுக்கு ஒருமுறை பாதியாகும், அதாவது ஒரு படி இறங்கும். அது அதிகமாக இருக்கும்போது கொடுக்கிற மருந்தும் சரியாகப் பிடிக்காது.

எண் திடீரென எகிறினால் குதிப்பது

முட்டைக் கணக்கையும் கூடவே பாருங்கள். முட்டை சரிந்து டைட்டர் ஏறியிருந்தால், நோயே உள்ளே புகுந்து போயிருக்கலாம்.

காரிமங்கலத்துத் தம்பியிடம் தனி எண்கள் உள்ள பக்கத்தைக் கேட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.