கோலசிலாங்கூர் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: தை பிறக்கும்போது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே மலேசியாவில் பொங்கலுக்கு அரசு விடுமுறை கிடையாது. தீபாவளிக்கு உண்டு, சிலாங்கூரில் தைப்பூசத்துக்கும் உண்டு. தை முதல் நாள் மட்டும் சாதாரண வேலை நாள்தான். டிசம்பரிலேயே ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் கேட்டால் ஷிப்ட் போட்டாச்சு என்பார்கள். முதல் வருடம் எனக்கு அப்படித்தான் ஆனது. கேன்டீனில் ஆறிப்போன நாசி லெமாக்தான் (தேங்காய்ப்பால் சோறு) அன்றைக்குப் பொங்கச் சோறு.

ஊரைச் சுற்றிச் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள், அதற்கு முன்பு பால்மரம், அதாவது ரப்பர். நெல்வயல் பார்க்கத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வரை போகவேண்டும். அதுவும் பெரும்பாலும் மலாய்க்காரர், சீனர் வயல். அப்புறம் தோட்டத்தில் எதற்கு அறுவடைத் திருநாள்? தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்து உழவுக் குடும்பங்களைக் கங்காணிகள் (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள்) கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. வந்தவர்கள் ஏரை விட்டாலும் மாட்டை விடவில்லை, லயத்துக்குப் (வரிசைத் தொழிலாளர் வீடுகளுக்கு) பின்னால் கொட்டகை போட்டார்கள். இன்றும் மாட்டுப் பொங்கலன்று செம்பனை அடியில் மேயும் மாடுகளின் கொம்பில் புதுச் சாயம் பார்க்கலாம். போகியிலிருந்து எண்ணினால் வரும் நான்காம் நாளுக்கு இங்கே கன்னிப் பொங்கல் என்று பெயர்.

போகிக்குப் பழையதைக் கொளுத்திவிடாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். கட்டிக் குப்பை லாரிக்குப் போடுங்கள், போதும்.

மண்பானை கம்போங் குவாந்தான் தமிழ்க் குயவர்களிடம் கிடைக்கும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த பானையை நேரே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். பச்சரிசி, வெல்லம் எல்லா மளிகைக் கடையிலும் உண்டு. ஒருமுறை வெல்லம் தீர்ந்துபோய் கூலா மெலாக்கா (தென்னஞ்சர்க்கரை) போட்டேன். ருசி குறையவில்லை, நிறம்தான் கறுத்தது. பக்கத்து வீட்டு அக்கா கரண்டியால் கிளறிப் பார்த்து, “என்ன தம்பி, கஞ்சியா காய்ச்சினே?” என்றார்.

கரும்பு மட்டும் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். சீனப் புத்தாண்டின் எட்டாம் இரவு ஹொக்கியன் சீனரும் கரும்பு கட்டுவார்கள். எங்கள் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி எங்கள் வாசல் கரும்பைத் தட்டிப் பார்த்து, எங்கே வாங்கினாய், எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று ஒவ்வொரு வருடமும் கேட்டுவிட்டுத்தான் போவார்.