உச்சி தாழ்ந்தால் மருந்து பிணைந்துவிட்டதா?

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் கரைசலில் டி.என்.ஏ.வைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சேர்க்க, வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் முறை) வரைபடத்தின் உச்சி தாழ்ந்துகொண்டே வரும். உடனே குறிப்பேட்டில் "பிணைந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறோம். இந்த அவசரம்தான் முதல் தவறு.

மருந்து, டி.என்.ஏ. ஏணியின் படிகளான கார இணைகளுக்கு நடுவே நுழைந்தால், அந்தப் பெரிய மூலக்கூறோடு சேர்ந்து மெல்ல நகரும், மின்னோட்டம் குறையும். சரிதான். ஆனால் டி.என்.ஏ. கரைசலை ஊற்றியதாலேயே மருந்து நீர்த்துப்போயிருக்கலாம், கரைசலின் பாகுநிலை கூடியிருக்கலாம், டி.என்.ஏ. மின்முனைமேல் படிந்து வழியை அடைத்திருக்கலாம். டி.என்.ஏ. இல்லாத பஃபரை (அமில-கார அளவான பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசலை) அதே அளவு சேர்த்தும் ஒருமுறை அளந்து பாருங்கள். இன்னும் எளிய வழி உண்டு: சேர்க்கப்போகும் டி.என்.ஏ. கரைசலிலேயே அதே செறிவில் மருந்தைக் கலந்துவிட்டால் நீர்த்துப்போகும் பேச்சே இல்லை. மின்முனை அடைபட்டதா என்பதை, டி.என்.ஏ.வோடு சேராத ஃபெர்ரோசயனைடு காட்டிக்கொடுக்கும்.

டாக்ஸோரூபிசினுக்குக் கார்பன் மின்முனையின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. கழுவிவிட்டு வெறும் பஃபரில் வைத்தாலும் உச்சி எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பு மின்முனையை அலுமினாப் பொடியால் தேய்க்கச் சோம்பல் கூடாது.

உச்சியின் மின்னழுத்தம் நேர்த்திசையில் நகர்ந்தால் இடைச்செருகல் (கார இணைகளுக்கு நடுவே நுழைதல்), எதிர்த்திசையில் நகர்ந்தால் மின்னேற்றக் கவர்ச்சி என்ற விதியைப் பலரும் வாய்ப்பாடாகவே ஒப்பிப்பார்கள். வேதியியலாளர்கள் கார்ட்டரும் பார்டும் 1987-இல் கோபால்ட்–பினாந்த்ரோலின் அணைவுச் சேர்மத்தை ஆராய்ந்து சொன்னது அது. டாக்ஸோரூபிசினின் குயினோன் பகுதி எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுங்கும்போது புரோட்டான்களையும் ஏற்கிறது. ஆகவே பி.எச். ஓர் அலகு மாறினாலே உச்சி சுமார் 59 மில்லிவோல்ட் நகரும். பஃபர் வலுவற்றதாக இருந்தால் நாம் அளப்பது பிணைப்பை அல்ல, பி.எச். மாற்றத்தை.

சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினச் சேர்ம மருந்தை இதே செய்முறையில் தள்ளுவது வேறொரு பிழை. பிளாட்டினம் மின்முனைகளை வைத்து 1965-இல் ரோசன்பெர்க் குழு செய்த பாக்டீரியா ஆய்வில் தற்செயலாகத் தலைகாட்டிய மருந்து அது. அதன் குளோரைடை நீர் இடம்பெயர்த்த பிறகுதான் டி.என்.ஏ.வின் குவானின் காரத்தைப் பற்றும். அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உப்பு மிகுந்த பஃபர் அந்த வேலையைத் தடுக்கும். கரைப்பதற்கு எளிது என்று டைமெத்தில் சல்ஃபாக்ஸைடை எடுத்தால், அது பிளாட்டினத்தோடு சேர்ந்து மருந்தையே மாற்றிவிடும்.

கடைசியில் கணக்கு. டி.என்.ஏ. செறிவைக் கணக்கிட 260 நானோமீட்டர் ஒளியில் பயன்படுத்தும் 6600 என்ற மோலார் உறிஞ்சல் மதிப்பு ஒரு நியூக்ளியோடைடுக்கு உரியது. கார இணைக்கு 13,200. இதைக் குழப்பிக்கொண்டால் பிணைப்பின் வலுவைக் காட்டும் பிணைப்பு மாறிலி இருமடங்காகவோ பாதியாகவோ வந்து நிற்கும். பிறருடைய மதிப்போடு ஏன் ஒத்துவரவில்லை என்று மின்முனையைத் திட்டிக்கொண்டிருப்போம்.