குடல் சுவரைத் தட்டில் வளர்த்து மருந்தைச் சோதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்வழி மருந்து குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்று கணிக்க ஆய்வகங்கள் பெரிதும் நம்புவது காக்கோ-2 செல்களை. மனிதப் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து வந்த இச்செல்களை நுண்துளைச் சவ்வின்மேல் சுமார் 21 நாள் வளர்த்தால், சிறுகுடல் உட்சுவரைப் போல ஒன்றோடொன்று இறுகி ஓரடுக்காக நிற்கும். சவ்வுக்கு மேலுள்ள மேலறையில் மருந்தை இட்டு, அடியிலுள்ள கீழறைக்கு எவ்வளவு வந்தது என்று அளந்தால் ஊடுருவுதிறன் எண் கிடைத்துவிடும். சுவரில் விரிசல் இருந்தாலும் எண் கிடைக்கும், மருந்தில் பாதி காணாமல் போயிருந்தாலும் எண் கிடைக்கும். என் கவலையே அதுதான்.

எனவே முதலில் சுவரைப் பாருங்கள். அதன் இறுக்கத்தை மின்தடையால் அறிகிறோம். மீட்டர் காட்டும் ஓம் மதிப்பை அப்படியே குறித்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. செல் இல்லாத வெற்றுச் சவ்வின் தடையைக் கழித்து, மீதியைச் சவ்வின் பரப்பால் பெருக்க வேண்டும், வகுக்கக் கூடாது. 1.12 சதுர செ.மீ. சவ்வில் மீட்டர் 420 காட்டுகிறது, வெற்றுச் சவ்வு 120 என்றால், 300 × 1.12 = 336 ஓம்·சதுர செ.மீ. 0.33 சதுர செ.மீ. சவ்வில் மீட்டர் 800, வெற்றுச் சவ்வு 150 என்றால், 650 × 0.33 = 214.5 மட்டுமே. மீட்டரில் பெரிய எண் காட்டிய சவ்வில்தான் சுவர் தளர்ந்திருக்கிறது! தட்டு குளிரக் குளிரத் தடை கூடும் என்பதால், இன்குபேட்டரிலிருந்து எடுத்தபின் எல்லாத் தட்டுகளையும் ஒரே வெப்பநிலையில் அளப்பது அவசியம். மின்தடையோடு நிறுத்தாமல், லூசிஃபர் மஞ்சள் போல எளிதில் ஊடுருவாத சாயம் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. கொழுப்பில் நன்கு கரையும் ஒரு சேர்மத்தை 100 பங்கு இட்டோம் என்று வையுங்கள். 2 மணி நேரம் கழித்து மேலறையில் 38, கீழறையில் 4. மீதி 58 பங்கு எங்கே? செல்லுக்குள் தங்கியிருக்கலாம், பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கலாம், சிதைந்தும் போயிருக்கலாம். இதைத் தேடாமல் அந்த 4 பங்கை மட்டும் வைத்து “உறிஞ்சல் குறைவு” என்று எழுதினால், நல்ல மருந்து ஒன்றை நாமே குப்பையில் போடுகிறோம். செல்களைச் சிதைத்து உள்ளே இருப்பதை அளக்க வேண்டும்; தட்டைக் கரைப்பானால் கழுவிப் பார்க்க வேண்டும். இத்தகைய சேர்மங்களுக்குக் கீழறையில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் அல்புமின் என்ற புரதத்தைச் சேர்ப்பது பெரிதும் உதவும். தட்டை ஆட்டாமல் வைத்தால் செல்லின்மேல் தேங்கும் நீரடுக்கே தடையாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேலிருந்து கீழாக மட்டும் அளப்பதும் போதாது. செல் சவ்விலுள்ள பி-கிளைக்கோபுரதம் என்ற கடத்திப் புரதம், உள்ளே நுழைந்த மருந்தைத் திரும்பக் குடலுக்குள் தள்ளிவிடும். இரு திசையிலும் அளந்து, கீழிருந்து மேல் செல்லும் வேகம் மற்றதைவிட 2 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம்; அப்புரதத்தின் தடுப்பானைச் சேர்த்து உறுதிசெய்யலாம். இங்கே நன்கு தேர்ந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேலறையில் பிஎச் 6.5, கீழறையில் 7.4 என்று வைத்து வலுக்குறைந்த காரம் ஒன்றைச் சோதித்தால், அது மேலறையில் அதிகம் அயனியாகி மெதுவாகவே உள்ளே போகும். எந்தப் புரதமும் தள்ளாமலேயே தள்ளப்படுவதாகத் தோன்றும். இந்தச் சோதனைக்கு இருபுறமும் 7.4 வையுங்கள்.

செல்லே இல்லாத செயற்கைச் சவ்வுச் சோதனை விரைவானது, மலிவானது. ஆனால் தானாகக் கசியும் மருந்தை மட்டுமே அது காட்டும். கடத்திப் புரதத்தின் துணையோடு உள்ளே செல்லும் செஃபலெக்சின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்றவற்றை அதைக்கொண்டு மதிப்பிடக் கூடாது.

எண்ணைப் படிக்கும்போதும் கவனம் தேவை. காக்கோ-2 அடுக்கின் செல் இடைவெளி சிறுகுடலில் உள்ளதைவிட இறுக்கமானது. அதனால் அட்டெனலால் போல நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளின் எண் தாழ்ந்தே வரும்; மனிதரிலோ அதில் ஏறக்குறைய பாதி உறிஞ்சப்படுகிறது. எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் பெரிதும் மாறுவதால், குறைவாக ஊடுருவும் அட்டெனலாலையும் நன்கு ஊடுருவும் மெட்டோபிரோலால் மருந்தையும் அதே நாள், அதே தட்டில் ஓட்டி, அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

உறிஞ்சப்பட்டதெல்லாம் உடலெங்கும் ஓடும் இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். புரோப்ரனோலால் குடலில் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படுகிறது. கல்லீரலைத் தாண்டி மிஞ்சுவதோ அதில் கால் பங்குதான்.