கடைப்பக்கம் வாற ஆளுக்கு மட்டும் நோட்டிபிகேசன் அனுப்புறது எப்பிடி

கிளிநொச்சியில கடை, அதுக்கொரு ஆப்பும் இருக்கு எண்டால் எல்லாருக்கும் ஒரே மெசேஜ் அடிக்காதீங்கோ, மாங்குளத்தில நிக்கிறவருக்கு இண்டைக்கு உங்கட கடையில உரம் மலிவு எண்டு சொல்லி என்ன பிரயோசனம். கடையைச் சுத்தி ஜியோஃபென்ஸ் போடுங்கோ, அதாவது ஆப்புக்குள்ள மேப்பில ஒரு வட்டம், போன் அதுக்குள்ள வந்தால் ஆப்புக்குத் தெரியும். வட்டத்தின்ர ஆரை ஆகக்குறைஞ்சது 100–150 மீட்டர் எண்டு கூகுள் சொல்லுது, ஆனா எங்கட பக்கம் வைஃபை குறைவு, லொகேசன் தள்ளித்தள்ளித்தான் காட்டும், நானெண்டால் 500 வைப்பன். அப்ப ஏ9 வீதியால யாழ்ப்பாணம் போற பஸ்ஸில இருக்கிறவருக்கும் அடிக்குமே, அதுக்குத்தான் வட்டத்துக்குள்ள வந்த உடன அடிக்கிற 'என்டர்' விட்டிட்டு, உள்ள கொஞ்ச நேரம் நிண்டால் அடிக்கிற 'டுவெல்' போடுறது, அஞ்சு நிமிசம் எண்டு குடுத்தால் அவ்வளவு நேரம் நிண்டால்தான் மெசேஜ் போகும். இதோட, ஆர் எந்த நாள், எத்தினை மணிக்கு வாறவை எண்டு ரெண்டு மூண்டு கிழமை பாத்து அதுக்குக் கொஞ்சம் முந்தி அனுப்புங்கோ. ஐபோனில ஒரு ஆப்புக்கு ஒரே நேரத்தில 20 வட்டம்தான் போடலாம். பெர்மிசன் கேக்காமல் ஒண்டும் செய்யாதீங்கோ, ஆரும் பின்னால வந்து பாக்கிறது எங்கட சனத்துக்குப் பிடிக்காது, ஏனெண்டு சொல்லத் தேவையில்லை.