சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு பின்னேரம் செய்யவேண்டியது

ரயர் இளகும்வரை பார்த்திருக்காமல், வாரம் ஒருமுறை, ஞாயிறு பின்னேரம் இரண்டு ரயருக்கும் காற்று அடித்துவிடுங்கள். அளவு ரயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். காற்றழுத்தம் காட்டும் மானி இல்லாத பம் என்றால் பெருவிரலால் பக்கத்தை அழுத்திப் பாருங்கள்: பின் ரயர் கல்லுமாதிரி இருக்கவேண்டும், முன் ரயர் மட்டுமட்டாக உள்வாங்கலாம்.

ஓட்டையே இல்லாவிட்டாலும் ரியூப் ரப்பரினூடாகக் காற்று மெல்ல மெல்லக் கசியும். இளகிய ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து நிமிர்வதால், மிதிக்கிற பலம் அதிலேயே போய்விடுகிறது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது முழங்காலில் தெரியும். அதைவிட, குழியில் விழும்போது றிம் ரியூப்பை நசித்து, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டை போடும். காலையில் ஒட்டுப்போட நின்றால் வேலைக்கும் பிந்தும், காசும் போகும்.

திங்கள் காலையே ரயர் இளகிக் கிடந்தால் திரும்பக் காற்றடித்துப் பயனில்லை. வால்வில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால், பழைய மாதிரிச் சைக்கிள்களில் பெரும்பாலும் வால்வின் சின்ன ரப்பர் குழாய்தான் வெடித்திருக்கும். அதை மட்டும் மாற்றுங்கள், புது ரியூப் வாங்கவேண்டாம். குமிழி வராவிட்டால் பஞ்சர் பார்க்கவேண்டியதுதான்.

மணல் ஒழுங்கையிலேயே கூடுதலாக ஓடுபவர்களுக்கு இந்த இறுக்கம் சரிவராது, ரயர் புதையும். கொஞ்சம் இளக்கமாக விடுங்கள்.