ரூன் கல்வெட்டுத் தொகுதிகளைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்துமுறை. ஸ்காண்டிநேவிய ரூன் கல்வெட்டுகளைப் பற்றி எழுதுவோர் பலர் முதலில் சறுக்குவது, பதிப்புத் தொகுதி ஒவ்வொரு கல்லுக்கும் தரும் எண்ணில்தான். லுண்ட் நகரக் கல் ஒன்றின் எண் டிஆர் 314. டிஆர் என்பது டேனிய ரூன் கல்வெட்டுத் தொகுதியின் சுருக்கப் பெயர் ஆயிற்றே என்று, கல்லும் டென்மார்க்கில் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். லுண்ட் இருப்பதோ ஸ்வீடனில். லுண்ட் அடங்கிய ஸ்கோனே பகுதியை டென்மார்க் 1658-இல் இழந்துவிட்டது. ஆனாலும் லிஸ் யாக்கப்சனும் எரிக் மோல்ட்கேயும் 1941–42-இல் வெளியிட்ட தொகுதி பழைய டேனிய நிலப்பரப்பையே எல்லையாகக் கொண்டது. அதன் முதல் நான்கு எண்களுக்குரிய கற்கள் இன்றைய ஜெர்மனியின் ஹெடபியைச் சேர்ந்தவை. எண் சொல்வது பதிப்பின் வரலாற்றை.

ரூன் கற்களின் பழைய கோட்டோவியங்களைப் பிழை மலிந்தவை என்று ஒதுக்குவது இன்னும் பெரிய தவறு. ஸ்வீடன் அறிஞர் யோஹான்னஸ் புரேயஸ் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர் ஊராகப் போய்க் கற்களை வரைந்தார். டேனிய அறிஞர் ஓலே வோர்மின் டேனிய, நார்வேக் கல்வெட்டு நூல் 1643-இல் வந்தது. ஸ்வீடன் கற்களின் மரச்செதுக்குப் படங்களை யோஹான் யோரான்சன் 1750-இல் தொகுத்து வெளியிட்டார். பிறகு பல கற்கள் சுவருக்கும் பாலத்துக்கும் உடைபட்டுக் காணாமல் போயின. அவற்றுக்கு அந்த ஓவியங்களே ஒரே சாட்சி.

அதற்காகப் படியெடுத்தவர் கண்ணை அப்படியே நம்பவும் கூடாது. தெற்கு ஸ்வீடனின் பிளேக்கிங்கேயில் ரூனமோ என்றொரு பாறை உண்டு. டேனிய மன்னர் வால்டெமார் ஆளனுப்பியும் அதன் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று இடைக்காலத்திலேயே டேனிய வரலாற்றாசிரியர் சாக்ஸோ எழுதிவைத்தார். 1833-இல் டேனிய அறிவியல் கழகத்தின் குழு போய் அதை வரைந்து வந்தது. மறு ஆண்டு ஐஸ்லாந்து அறிஞர் ஃபின்னுர் மாக்னூசன் அதை வலமிருந்து இடமாகப் படித்து, ஒரு முழுக் கவிதையையே கண்டெடுத்தார். 1841-இல் பெரிய நூலாகவும் வெளியிட்டார். பாறையை நேரில் ஆராய்ந்த இளம் தொல்லியலாளர் வோர்சே, அங்கிருப்பவை இயற்கையான வெடிப்புகள்தாம் என்று 1844-இல் நிறுவினார். பேரறிஞருக்கே இந்தக் கதி நேர்ந்தது. ஆகவே நல்ல பதிப்புகள் எழுத்துக்கு எழுத்தான பெயர்ப்பு, சீர்செய்த மொழிவடிவம், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே தருகின்றன. மொழிபெயர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டினால், ஐயத்துக்குரிய எழுத்துகள் எவை என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

கற்களில் இன்று தெரியும் சிவப்புச் சாயமும் இக்கால ஆய்வாளர்களின் வாசிப்பை ஒட்டிப் பூசப்பட்டதே. புகைப்படத்தில் சாயத்தைப் பார்த்துவிட்டுக் கல்லையே படித்ததாக எண்ணக் கூடாது.

பழைய நூலொன்றை முடிந்த முடிவாகக் கொள்வதும் ஆகாது. ஸ்வீடன் தொகுதி 1900-இல் எலாந்துத் தீவின் கற்களோடு தொடங்கியது, இன்னும் முற்றுப்பெறவில்லை. நார்வேயின் பெர்கன் துறைமுகப் பகுதியில் 1955-இல் தீப்பிடித்தது. அதன்பின் நடந்த அகழாய்வில் அறுநூறுக்கும் மேற்பட்ட ரூன் எழுத்துப் பொருள்கள் கிடைத்தன, பெரும்பாலும் மரக்குச்சிகள். வணிகக் கடிதம், உடைமைச் சீட்டு, காதல் வரி எல்லாம் அவற்றில் உண்டு. அதற்கு முந்தைய நூல்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ரூன் என்றாலே இறந்தவர் நினைவுக்கல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.